அடைபட்ட நாடியும் மீண்ட நடையும்

நடத்தல் என்பது மனிதன் பிறந்து ஓராண்டளவிற் கற்றுக்கொள்ளும் வித்தை. கற்ற பின்னர் அதனைப்பற்றி அவன் நினைப்பதேயில்லை. சந்தைக்கும் கோயிலுக்கும் வயலுக்கும் கால்கள் தாமாகவே அவனைக் கொண்டுசெல்கின்றன. அவை நடுவழியில் நின்று, இனி ஓரடியும் வைக்க இயலாது என்று மறுக்கும் நாளிலேதான் நடையின் அருமை புலனாகின்றது. முதுமையின் இயல்பு என்று அதனைப் பொறுத்துக்கொள்வோர் பலர். வாதம் என்றெண்ணி எண்ணெய் பூசுவோரும் உளர். ஆயினும் சிலரிடத்தில் அந்த மறுப்புக்குக் காரணம் எலும்பிலும் இல்லை, மூட்டிலும் இல்லை. காலுக்குக் குருதியைக் கொண்டுசெல்லும் நாடி அடைபட்டிருப்பதே காரணமாகும். அவ்வாறு அடைபட்ட நாடியை, காலைக் கீறித் திறவாது, உள்ளிருந்தே திறக்கும் சிகிச்சை 1964 ஆம் ஆண்டிலே தோன்றியது. அதனால் விளைந்த பயன் யாது, அப்பயன் எவ்வளவு காலம் நிலைக்கின்றது, எவருக்கு அஃது உகந்தது என்பனவே இப்பேச்சின் பொருள்.

இதயத்திலிருந்து புறப்படும் பெருநாடி தொப்புளின் மட்டத்தில் இரு கிளைகளாகப் பிரிந்து, இடுப்பு வழியாகத் தொடைக்கு இறங்கி, முழங்காலின் பின்புறமாகச் சென்று, அதன் கீழே மூன்று சிறு கிளைகளாகிப் பாதத்தை அடைகின்றது. பெருவாய்க்காலிலிருந்து கிளைவாய்க்கால்களும், அவற்றிலிருந்து வயலுக்கு நீர் பாய்ச்சும் சிறு கால்களும் பிரிவதை இஃது ஒத்தது. ஆண்டுகள் செல்லச் செல்ல, நாடியின் உட்சுவரிலே கொழுப்பும் சுண்ணாம்பும் படிந்து வழியை ஒடுக்குகின்றன. புகைத்தல், நீரிழிவு, உயர் குருதியமுக்கம், குருதியில் மிகுந்த கொழுப்பு ஆகிய நான்கும் இப்படிவை விரைவுபடுத்துவன. இந்நோய் அரிதானதன்று. 2010 ஆம் ஆண்டில் உலகெங்கும் இருபது கோடிக்கு மேற்பட்டோர் இதற்கு ஆளாகியிருந்தனர் எனக் கணக்கிடப்பட்டுள்ளது.

நோயின் முதல் நிலையை ஒரு குதிரையே உலகுக்குக் காட்டியது எனலாம். பிரான்சு நாட்டு மிருக வைத்தியரான பூலே என்பார் 1831 இல் அதனைப்பற்றி எழுதினார். வண்டியிழுத்துச் சிறிது தூரம் சென்றதும் அக்குதிரை நொண்டும். சற்றே நிற்கவிட்டால் நொண்டல் நீங்கும். மீண்டும் ஓடினால் மீண்டும் நொண்டும். பின்னர் 1858 இல் சார்க்கோ என்னும் பிரெஞ்சு வைத்தியப் பேரறிஞர் இதே குறியை மனிதனிடத்திலும் கண்டு விளக்கினார். நொண்டுதல் என்று பொருள்படும் இலத்தீன் சொல்லே இக்குறிக்கு இன்றும் வைத்திய நூல்களிற் பெயராக வழங்குகின்றது. இதன் காரணம் எளிது. ஓய்ந்திருக்கும் தசைக்குச் சிறிதளவு குருதி போதும். நடக்கும் தசைக்கோ பன்மடங்கு வேண்டும். ஒடுங்கிய நாடி முன்னதற்கு ஈடுகொடுக்கின்றது, பின்னதற்கு ஈடுகொடுக்க இயலாது. ஆதலின் கெண்டைக்காலில் வலி எழுகின்றது, நின்றதும் தணிகின்றது.

இரண்டாம் நிலை கொடியது. ஓய்ந்திருக்கும்போதும் குருதி போதாத நிலை அது. நோயாளி இரவிலே பாதவலியால் விழித்தெழுவார். காலைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிட்டால் சற்று ஆறுதல் கிடைக்கும். விரலில் உண்டான சிறு புண் இரண்டு கிழமை கடந்தும் ஆறாது. பின்னர் விரல் கறுத்து அழுகத் தொடங்கும். இவ்விரு நிலைகளையும் பிரித்தறிதல் மிக அவசியம். முதல் நிலையிலுள்ளோரிற் பெரும்பாலோர் தம் காலை ஒருபோதும் இழப்பதில்லை. அவர்களுக்கு மாரடைப்பும் பாரிசவாதமுமே பெரிய ஆபத்துகள். இரண்டாம் நிலையிலுள்ளோருக்கோ குருதியோட்டத்தைக் காலந்தாழ்த்தாது மீட்காவிடின் காலே போய்விடக்கூடும், உயிருக்கும் உறுதியில்லை. ஒரே சிகிச்சையாயினும் இவ்விரு சாராரிடத்தும் அதன் பயனை வெவ்வேறு தராசிலேதான் நிறுக்கவேண்டும்.

நோயைக் கண்டறியும் முதற்சோதனை மிக எளியது. பாதத்து நாடித்துடிப்பை வைத்தியர் விரலால் உணர்ந்து பார்ப்பார். பின்னர் கணுக்காலின் குருதியமுக்கத்தைக் கையின் குருதியமுக்கத்தோடு ஒப்பிடுவார். முன்னதைப் பின்னதால் வகுத்துவரும் எண் 0.90 அல்லது அதற்குக் குறைவாயின் நாடி ஒடுங்கியுள்ளது என்று கொள்ளப்படும். ஊசியும் வேண்டா, வலியும் இல்லை. நெடுநாள் நீரிழிவுடையோரின் நாடிச்சுவர் சுண்ணாம்பேறி இறுகிப்போவதால் இவ்வெண் பொய்யாக உயர்ந்து காட்டுவதுண்டு. அவர்களுக்குக் கால் விரலின் அமுக்கத்தை அளந்து பார்த்தல் வேண்டும்.

இனிச் சிகிச்சையின் பிறப்பைக் காண்போம். ஐக்கிய அமெரிக்காவின் ஒறிகன் மாநிலத்திலுள்ள போட்லன்ட் நகரிலே சாள்ஸ் டொட்டர் என்னும் கதிரியல் நிபுணர் பணியாற்றினார். சுவீடன் நாட்டுச் செல்டிங்கர் 1953 இல் ஒரு முறையை வகுத்திருந்தார். ஊசியால் நாடியைத் துளைத்து, அதனூடாக மெல்லிய கம்பியைச் செலுத்தி, அக்கம்பியின் மேலாகக் குழாயை உள்ளே நகர்த்துவதே அம்முறை. அந்நாளில் நாடியைப் படம்பிடிப்பதற்கே அது பயன்பட்டது. படம்பிடிக்கச் செல்லும் குழாயே அடைப்பை நீக்கவும் உதவலாகாதா என்று டொட்டர் எண்ணினார்.

அவ்வெண்ணத்தைச் சோதிக்கும் வேளை 1964 ஆம் ஆண்டு ஜனவரி 16 ஆந் திகதி வந்தது. எண்பத்திரண்டு வயது மூதாட்டி ஒருவரின் இடப்பாதம் ஆறாத புண்ணோடும் அழுகிய விரல்களோடும் இருந்தது. காலைத் துண்டிப்பதே வழி என்றனர் வைத்தியர். மூதாட்டியோ அதற்கு இணங்க மறுத்தார். டொட்டர் அவரது தொடை நாடியின் ஒடுக்கத்தினூடே முதலில் மெல்லிய குழாயையும், அதன்மேல் அதனினும் பருத்த குழாயையும் செலுத்தி வழியை அகலப்படுத்தினார். குளிர்ந்திருந்த பாதம் வெம்மையுற்றது, வலி நீங்கியது, புண் ஆறியது. அம்மூதாட்டி அதன்பின் இரண்டரை ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்து, வேறு நோயால் இறக்கும்வரை தம் இரு கால்களாலும் நடந்தார். டொட்டரும் அவருடைய துணைவர் மெல்வின் ஜட்கின்சும் அவ்வாண்டிலேயே இதனை எழுதி வெளியிட்டனர்.

தாயகத்தில் டொட்டரின் முறைக்கு வரவேற்புக் குறைவாகவே இருந்தது. ஐரோப்பாவிலேதான் அது வேரூன்றியது. சுவிற்சர்லாந்தின் சூரிச் நகரில் அந்திரேயாஸ் குருன்சிக் என்னும் வைத்தியர், குழாயின் நுனியிலே ஊதி விரிக்கத்தக்க சிறு பலூனைப் பொருத்தி, 1974 இல் கால் நாடியொன்றை அதனால் விரித்தார். 1977 இல் இதய நாடியிலும் அதையே செய்து உலகப்புகழ் பெற்றார். இதய நோயாளர்க்கு இன்று பெரிதும் உதவும் சிகிச்சை காலிலிருந்து இதயத்துக்கு ஏறிச்சென்றதே என்பது பலர் அறியாத செய்தி. விரிக்கப்பட்ட நாடி மீண்டும் சுருங்காவண்ணம் உள்ளே நிறுத்தப்படும் உலோக வலைக்குழாய் பின்னர் வந்தது. அதுவே ஸ்டென்ட் எனப்படுவது.

இன்று இச்சிகிச்சை பெரும்பாலும் அரைப்பகுதியில் ஒரு சிறு ஊசித்துளை வழியாகச் செய்யப்படுகின்றது. உடல் முழுவதையும் மயக்கவேண்டுவதில்லை. துளையிடும் இடத்தை மரக்கச் செய்தால் போதும். பலர் அன்றோ மறுநாளோ வீடு திரும்புவர். இடர்கள் இல்லாமலில்லை. துளையிட்ட இடத்தில் குருதி கசியலாம். படம்பிடிக்கச் செலுத்தும் மருந்து சிறுநீரகத்தை வருத்தலாம். படிவின் துணுக்கொன்று பெயர்ந்து கீழ்நாடியை அடைக்கலாம். எனினும் பெரிய சத்திரசிகிச்சையோடு ஒப்பிடுகையில் உடலுக்கு நேரும் வருத்தம் குறைவே.

சிகிச்சை முடிந்ததும் திரையிலே தோன்றும் படம் கண்ணைக் கவர்வது. சற்றுமுன் அறுந்த நூல்போலத் தெரிந்த நாடி, இப்போது தடையின்றி ஓடும் ஆறுபோலக் காணப்படும். ஆனால் வெற்றி என்பது அந்தப் படமன்று. மூன்று வினாக்களுக்கு விடை கிடைத்த பின்னரே வெற்றியைப்பற்றிப் பேசலாம். திறந்த நாடி திறந்தபடியே இருக்கின்றதா என்பது முதல் வினா. நோயாளி முன்னிலும் கூடுதலாக நடக்கின்றாரா, புண் ஆறியதா, கால் காப்பாற்றப்பட்டதா என்பது இரண்டாவது. அவர் எவ்வளவு காலம் உயிர் வாழ்கின்றார் என்பது மூன்றாவது. முதல் வினாவுக்கு நல்ல விடை கிடைத்தும் மற்ற இரண்டுக்கும் கிடையாமற் போவதுண்டு. முதலாவதற்குத் தீய விடையே வந்தும் மற்றவை நலமாக முடிவதுமுண்டு. ஒரு நாடி ஆறு மாதம் திறந்திருந்து, அதற்குள் புண் ஆறிவிடுமாயின், பின்னர் அது மெல்ல அடைபட்டாலும் ஆறிய பாதம் குறைந்த குருதியோடு பிழைத்துக்கொள்வதுண்டு.

திறந்த நாடி ஏன் மீண்டும் அடைபடுகின்றது? பலூன் நாடியை விரிக்கும்போது உட்சுவர் காயமுறுகின்றது. காயத்தை ஆற்ற உடல் புதுத்தசையை வளர்க்கின்றது. அவ்வளர்ச்சி அளவு மீறினால் அதுவே புதிய அடைப்பாகின்றது. இடத்துக்கு இடம் இதன் வேகம் வேறுபடும். இடுப்பு நாடி பருமனானது, குருதி விரைந்தோடுவது. அங்கே வைத்த ஸ்டென்ட் பெரும்பாலும் பல ஆண்டுகள் நிலைக்கின்றது. தொடை நாடி நீண்டது. நடக்கும்போதெல்லாம் வளைவதும் முறுகுவதும் அதன் இயல்பு. அங்கே மறு அடைப்பு மிகுதி. முழங்காலின் கீழுள்ள நாடிகளோ மிக மெல்லியவை. அங்கே பயன் நிலைப்பது எல்லாவற்றிலும் அரிது. குறுகிய ஒடுக்கத்தைத் திறப்பது எளிது, நெடிய முழு அடைப்பைத் திறந்து வைத்திருப்பது கடினம் என்பதும் பொதுவிதி.

முதல் நிலை நோயாளருக்கு, அதாவது நடந்தால் மட்டும் வலிப்போருக்கு, இச்சிகிச்சை எவ்வளவு பயன்தரும்? ஐக்கிய அமெரிக்காவை மையமாகக் கொண்டு 111 பேரிடத்தில் நடத்தப்பட்ட ஆராய்ச்சியொன்று 2012 இல் வெளிவந்தது. இவர்கள் அனைவருக்கும் இடுப்பு மட்டத்தில் நாடி ஒடுங்கியிருந்தது. ஒரு பகுதியினர் மருந்து மட்டும் பெற்றனர். இன்னொரு பகுதியினர் மருந்தோடு ஸ்டென்டும் பெற்றனர். வேறொரு பகுதியினர் மருந்தோடு, பயிற்றுநரின் மேற்பார்வையில் ஒழுங்காக நடைப்பயிற்சி செய்தனர். ஆறு மாதத்தின் பின், நடைப்பொறியின் மீது தாங்கி நடக்கக்கூடிய நேரம் மருந்து மட்டும் பெற்றோருக்கு 1.2 நிமிடமும், ஸ்டென்ட் பெற்றோருக்கு 3.7 நிமிடமும், பயிற்சி செய்தோருக்கு 5.8 நிமிடமும் கூடியிருந்தது. நாடி நன்றாகத் திறக்கும் இடமாகிய இடுப்பிலேயே இம்முடிவு என்பது சிந்திக்கத்தக்கது. ஆயினும் அன்றாட வாழ்வு எளிதாயிற்று என்று தம் வாயால் உரைத்தவர்களில் ஸ்டென்ட் பெற்றோரே முன்னின்றனர் என்பதையும் மறைத்தலாகாது.

அப்பயிற்சி யாது? வலி ஓரளவு மிகும்வரை நடத்தல். நின்று வலி தணிந்ததும் மீண்டும் நடத்தல். இவ்வாறு அரை மணி முதல் முக்கால் மணி நேரம், கிழமையில் மூன்று நாட்கள், மூன்று மாதங்கள் செய்தல். அடைப்பு அதனால் அகல்வதில்லை. தசை கிடைக்கும் குருதியைச் சிக்கனமாகப் பயன்படுத்தக் கற்றுக்கொள்கின்றது. ஆதலின் நடைவலி மட்டும் உடையோருக்குப் பயிற்சியும் மருந்தும் முதலில். அவற்றால் போதிய பயன் கிட்டாது, வலி தொழிலையும் வாழ்வையும் குலைக்குமாயின், அப்போது நாடியைத் திறத்தல் தகும்.

இரண்டாம் நிலை நோயாளருக்கு இவ்வாறு காத்திருத்தல் கூடாது. அங்கே வினா, திறப்பதா விடுவதா என்பதன்று. எவ்வழியால் திறப்பது என்பதே. காலிலுள்ள நாளமொன்றை எடுத்து, அடைப்பைச் சுற்றிப் புதுவழி அமைக்கும் பைபாஸ் சத்திரசிகிச்சை ஒரு வழி; பலூனும் ஸ்டென்டும் மறுவழி. பிரித்தானியாவின் 27 வைத்தியசாலைகளில் 452 பேரிடத்தில் நடந்த ஒப்பீடு 2005 இல் வெளியாயிற்று. தொடக்க காலத்தில் இருவழியும் ஏறத்தாழ ஒரே பயனைத் தந்தன. ஆனால் இரண்டாண்டுக்கு மேல் உயிரோடிருந்தவர்களில், முதலிற் பைபாஸ் பெற்றோரே அதன்பின் கூடிய காலம் வாழ்ந்தனர் என்று 2010 இல் வந்த தொடர் முடிவு காட்டியது.

2022 இல் அமெரிக்காவை மையமாகக் கொண்ட பெரிய ஆராய்ச்சியின் முடிவு வந்தது. எடுத்துப் பயன்படுத்தத்தக்க நல்ல நாளமுடைய 1,434 பேரிடத்தில், இறப்பு, கணுக்காலுக்கு மேல் துண்டித்தல், பெரிய மறுசிகிச்சை ஆகியவற்றுள் ஒன்றேனும் நேர்ந்தோர் பைபாஸ் பெற்றவர்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 43 பேர். உள்வழிச் சிகிச்சை பெற்றவர்களில் 57 பேர். நல்ல நாளம் இல்லாத மற்றொரு பகுதியினரிடத்தில் இருவழிக்குமிடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. மறு ஆண்டே பிரித்தானியா, சுவீடன், டென்மார்க் ஆகிய நாடுகளில் 345 பேரிடத்தில் நடந்த ஆராய்ச்சி இதற்கு மாறான முடிவைத் தந்தது. முழங்காலின் கீழுள்ள நாடிகளும் அடைபட்டிருந்த அவர்களில், துண்டித்தலோ இறப்போ நேர்ந்தோர் பைபாஸ் பெற்றவர்களில் நூற்றுக்கு 63 பேர். உள்வழிச் சிகிச்சை பெற்றவர்களில் 53 பேர். இவ்வேறுபாடு பெரும்பாலும் இறப்புகளின் எண்ணிக்கையாலேயே வந்தது.

அறிஞரின் முடிவுகள் இவ்வாறு முரணினால் நோயாளி எதனை நம்புவது என்று கேட்கலாம். முரண்போலத் தோன்றினும் இவை ஒரே உண்மையின் இரு பக்கங்கள். இருவேறு ஆராய்ச்சிகளில் சேர்ந்தோர் இருவேறு வகையினர். அளந்த விளைவுகளும் வேறு. நல்ல நாளமும், சத்திரசிகிச்சையைத் தாங்கும் உடல்வலியும், பல்லாண்டு வாழும் எதிர்பார்ப்பும் உடையவருக்குப் பைபாஸ் நன்று. நாளம் அற்றவருக்கும், இதயமோ சிறுநீரகமோ தளர்ந்தவருக்கும், முதிர்ந்த வயதினருக்கும் உள்வழிச் சிகிச்சை நன்று. எல்லார்க்கும் பொருந்தும் ஒரு விடை இல்லை என்பதே இந்த ஆராய்ச்சிகள் கற்பிக்கும் பாடம். இரண்டு வழியிலும் பாதிப்பேர் அளவில் துன்ப முடிவைச் சந்திக்கின்றனர் என்பதையும் அவ்வெண்கள் உரைக்கின்றன. நோயாளர் வைத்தியரிடம் வந்துசேரும் காலம் பிந்தியது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

மறு அடைப்பைத் தடுக்க மருந்து பூசிய பலூன்களும் ஸ்டென்டுகளும் பின்னர் வந்தன. பசிபிக் யூ என்னும் மரத்தின் பட்டையிலிருந்து முதலிற் பிரித்தெடுக்கப்பட்ட பக்லிடாக்செல் என்னும் மருந்தே பெரும்பாலும் பூசப்படுவது. படத்தைப் பார்த்தால் இவை நாடியை நெடுநாள் திறந்து வைக்கின்றன. இவற்றால் இறப்பு மிகுமோ என்ற அச்சம் 2018 இல் எழுந்தது. கிடைத்த தரவுகள் அதனை உறுதிசெய்யவில்லை என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் 2023 இல் அறிவித்தது. 2025 இல் வெளியான சுவீடன் நாட்டுப் பேராராய்ச்சியோ இன்னுமொரு வினாவை எழுப்பியது. மருந்துப் பூச்சினால் துண்டிக்கப்படும் கால்களின் தொகை குறையவுமில்லை; நடைவலியுடையோரின் வாழ்க்கை நலம் உயரவுமில்லை. நடைவலியுடைய பகுதியினரிடத்தில் ஐந்தாண்டளவில் இறப்புச் சற்றுக் கூடிக் காணப்பட்டமையால் விவாதமும் முற்றாக ஓயவில்லை. படத்தின் வெற்றி வேறு, காலின் வெற்றி வேறு என்பதற்கு இதனிலும் தெளிவான எடுத்துக்காட்டு இல்லை. முழங்காலின் கீழே வைப்பதற்கு, நாளடைவில் கரைந்து மறையும் தாங்கி ஒன்று 2024 இல் அமெரிக்காவில் அனுமதிபெற்றது. ஓராண்டு முடிவில் அது பலூனை வென்றுள்ளது. நெடுங்கால முடிவைக் காலமே உரைக்கவேண்டும்.

வாய்க்காலைத் தூர்வாரிய கமக்காரன் மேட்டுமண் சரிந்து விழுவதைத் தடுக்காவிடின் அடுத்த மாரியில் மீண்டும் மண்வெட்டி எடுக்கவேண்டியவனாவான். நாடியின் நிலையும் அதுவே. பலூன் ஓரிடத்து அடைப்பை நீக்குகின்றது, நோயை நீக்குவதில்லை. சிகிச்சைக்குப் பின்னும் புகைப்பவரின் நாடி விரைந்து அடைபடும். குருதி உறையாமலிருக்கத் தரும் மாத்திரையையும், கொழுப்பைக் குறைக்கும் மாத்திரையையும், நலமாயிற்று என்று தாமாகவே நிறுத்துவோர் தம் காலை மாத்திரமன்று, இதயத்தையும் பணயம் வைக்கின்றனர்.

நீரிழிவு உடையோருக்கு இன்னும் ஒரு கடமை உண்டு. உணர்ச்சி குன்றிய பாதம் முள்ளையும் கல்லையும் அறியாது. கோயில் வீதியின் சுடுமணலில் வெறுங்காலோடு நடந்தவர் கொப்புளத்தை மறுநாளே காண்பார். நாள்தோறும் இரவில் விளக்கொளியில் பாதத்தையும் விரலிடுக்குகளையும் பார்த்தல் வேண்டும். கண்பார்வை மங்கியவருக்கு வீட்டார் பார்த்துச் சொல்லலாம். இரண்டு கிழமையில் ஆறாத புண்ணையும், பாதத்தின் நிறமாற்றத்தையும், இரவில் எழுப்பும் பாதவலியையும் வீட்டு மருந்தோடு கடத்திவிடாது வைத்தியரிடம் காட்டவேண்டும். காலைத் துண்டிக்க வேண்டும் என்று கூறப்பட்டால், குருதியோட்டத்தை மீட்க வழி ஆராயப்பட்டதா என்று வினவுவது குற்றமன்று; அது நோயாளியின் உரிமை. நாடியைத் திறப்போம் என்று கூறப்பட்டால், எந்த இடத்து நாடி, என்ன பயனை எதிர்பார்க்கலாம், அஃது எவ்வளவு காலம் நிலைக்கும், வேறு வழி உண்டா என்று கேட்பதும் அவ்வாறே.

போட்லன்ட் நகரத்து மூதாட்டி வைத்திய நூல் எதனையும் கற்றதனால் அன்று, தம் காலை இழக்க மனமின்மையினாலேயே அன்று மறுத்தார். அம்மறுப்பும், அதனை மதித்துச் செவிகொடுத்த ஒரு வைத்தியரின் துணிவும் சேர்ந்தே ஒரு புதிய சிகிச்சை பிறந்தது. அதனால் அம்மூதாட்டிக்குக் கிடைத்தது இரண்டரை ஆண்டு காலமே. ஆனால் அக்காலத்தை அவர் பிறர் தோளைப் பற்றாது தம் காலாலே நடந்து கழித்தார். நாடியைத் திறக்கும் கலையின் பயனை அளக்கப் படங்களும் எண்களும் எத்தனையோ உண்டு. ஒருவர் தம் வீட்டு வாயிலிலிருந்து படலைவரை தாமே நடந்து சென்று மீள்கின்றாரா என்பதே அவற்றுள் தலையாய அளவுகோல்.